கொண்டலாத்தியின் மௌனமும் மூன்று வளை நீதிமன்றமும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ராஜா என்றால் அப்படித்தான், பேருக்கு இருப்பார். காட்டை உண்மையில் ஆட்டி வைத்தது ஓர் உடும்பு. பெயர் சட்டநாதர், உத்தியோகம் நீதிபதி.

சட்டநாதர் ஒரு பெரிய கறையான் புற்றின் உச்சியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். புற்றின் அடியில் மூன்று வளைகள் உண்டு. ஓர் உயிர் இன்னோர் உயிருக்குக் கடமைப்பட்டால் அந்தக் கடமை மூன்றே வழியில்தான் பிறக்கும் என்பது அவருடைய பாட்டனார் கண்டுபிடித்த தத்துவம். தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கையை விரித்தவன் மேல் வழக்கா? சொல்வளை. கடித்தான், மிதித்தான், கூட்டைக் கலைத்தான் என்று வழக்கா? கேடுவளை. எவனோ பாடுபட்டதை எவனோ நோகாமல் அனுபவித்தான் என்று வழக்கா? ஓசிவளை. வழக்குப் போடுகிறவர் இந்த மூன்றில் ஒன்றில் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். அப்போதுதான் அவர் குரல் நீதிபதியின் காதில் விழும். யானைகளுக்கு அந்தக் காட்டில் நியாயமே கிடைத்ததில்லை, பாவம், உடம்பு நுழையாது.

"மூணுலயும் அடங்காத வழக்கு வந்தா என்ன பண்றது ஐயா?" என்று ஒரு முயல் ஒருமுறை கேட்டுவிட்டது.

"அது வழக்கே இல்லை, உன் கற்பனை" என்றார் சட்டநாதர். உடும்புப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள்!

இதே காட்டில் ஏரிக்கரை நாவல் மரத்தடியில் ஒரு கூட்டம் வாராவாரம் கூடும். மற்ற பிராணிகள் அவர்களுக்கு வைத்த பெயர் நடுங்கிகள். கூடுவார்கள், உட்காருவார்கள், ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பூசாரி கிடையாது, பாட்டு கிடையாது, சுண்டல்கூடக் கிடையாது. ஒவ்வோர் உயிருக்குள்ளும் ஒரு வெளிச்சம் இருக்கிறது, அது உசுப்பினால் மட்டும் வாயைத் திறக்கலாம், தன் இஷ்டத்துக்குப் பேசினால் அது அகம்பாவம் என்பது அவர்கள் கொள்கை. வெளிச்சம் உசுப்பும்போது உடம்பு வெடவெடவென்று நடுங்குமாம். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் கூட்டம் தொடங்கிய காலத்திலிருந்து யாரும் நடுங்கியும் பார்த்ததில்லை, பேசியும் கேட்டதில்லை.

இதைத் தொடங்கி வைத்தவர் ஒரு கிழட்டு ஆமை. கூட்டம் முடிந்த பிறகு மட்டும் அவர் வாய் ஓயாது. "புலியானாலும் எலியானாலும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். எல்லாருக்குள்ளும் ஒரே வெளிச்சம். யாருக்கும் தலை தாழ்த்தக் கூடாது. சத்தியம் செய்யக் கூடாது. சத்தியம் செய்துவிட்டு உண்மை பேசினால், மற்ற நேரமெல்லாம் புளுகினாய் என்றுதானே அர்த்தம்?" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் பட்டம்மா என்ற கொண்டலாத்தி இருந்தாள். தலையில் விசிறி மாதிரி கொண்டை உள்ள பறவை, தெரியுமில்லையா, அதேதான். அவள் புருஷனைப் பங்குனி மாதம் வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவன் போன பிறகு முட்டையிட்டாள். இலுப்பை மரப் பொந்தில் இருந்த அந்த முட்டைகள்தான் அவளுக்கு உலகம். கொண்டலாத்தி குலத்தில் பெண் அடைகாக்கும், ஆண் புழு கொண்டுவந்து ஊட்டும். பட்டம்மாவுக்கு ஊட்ட ஆள் இல்லை. அவளே ஓடிப்போய் நாலு புழுவைக் கொத்திவிட்டு, முட்டை ஆறுவதற்குள் ஓடிவர வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நடுவிலும் வாராந்திரக் கூட்டத்தை அவள் விட்டதில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் கொஞ்ச நேரம்தான் அவள் மனசு அழாமல் இருந்தது.

இப்போது மைனா வருகிறான். பெயர் ரங்கதுரை. மஞ்சள் மூக்கு, மஞ்சள் கால், வாயைத் திறந்தால் வண்டி வண்டியாய்ப் பேச்சு. சொல்வளையில் ஒரு பழைய விதி உண்டு என்பதை அவன் எங்கேயோ கேட்டுவிட்டான். 'கேட்டு மறுக்காதவர் சம்மதித்தவர்.' அந்தக் காட்டில் இந்த விதியால் அதுவரை யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. வேண்டாத ஒன்றைக் கேட்டால் கரடி உறுமும், நரி ஊளையிடும், காக்கை காட்டையே கூட்டும். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஜென்மங்கள் நடுங்கிகள் வந்த பிறகுதான் காட்டில் உண்டாயின.

ஒரு காலையில் கூட்டம் மௌனத்தில் உட்கார்ந்திருந்தபோது ரங்கதுரை ஒரு காக்கையைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்து பட்டம்மா எதிரில் நின்றான்.

"பட்டம்மாக்கா, உன் இலுப்பைமரப் பொந்தை எனக்கே எனக்குன்னு குடுத்துடறியா? வேணாம்னா இப்பவே சொல்லிடு. பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துப்பேன்."

பட்டம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அடப் பாவி, உள்ளே என் முட்டை இருக்குடா!' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே வெளிச்சத்தைத் தேடினாள். வெளிச்சம் அசையவில்லை, உடம்பு நடுங்கவில்லை. அவளுக்கு வந்தது கோபம்தான், கோபம் வெளிச்சமாகுமா? ஆமை ஓட்டுக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டம்மா அலகை இறுக்கி மூடிக்கொண்டாள், கண்ணில் மட்டும் நீர் வந்தது.

"சம்மதம்!" என்றது காக்கை. இரண்டும் பறந்துவிட்டன.

கூட்டம் கலைந்ததும் பட்டம்மா ஆமையிடம் ஓடினாள். "ஐயோ, நான் என்ன பண்ணட்டும்? 'மாட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா கூடாதா?"

"'மாட்டேன்' என்பது வெளிச்சத்தின் வார்த்தையா, உன் வார்த்தையா?" என்று ஆமை கேட்டது.

"என் முட்டையின் வார்த்தை!"

இதற்குள் வீரபாகு என்கிற ஓணான் குறுக்கே வந்தான். இவன் கதை இன்னும் பரிதாபம். ஓணானுக்குத் தலை தானாகவே மேலும் கீழும் ஆடும், பிறவிக் குணம். பக்கத்துக் காட்டு ஓணான்கள் கூட்டத்துக்கே வந்து எங்கள் பெண்ணைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுக் கேட்டு, அவன் தலையாட்டி ஆட்டி, இப்போது மூன்று மாமியார்கள். "வாய் திறக்க வேண்டாம், 'இல்லை'ன்னு பக்கவாட்டில் தலையாட்டவாவது அனுமதி கொடு" என்று கெஞ்சினான்.

"தலையை ஆட்டலாமா என்பது பெரிய கேள்வி. அதற்கு முன்னால் கூட்டத்தில் கொண்டையை விரிக்கலாமா மடக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டும்" என்றது ஆமை.

அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வெளிச்சத்தின் முன்னால் கொண்டையை மடக்குவதே பணிவு என்று ஒரு கட்சி. பறவைக்குக் கொண்டையைக் கொடுத்ததே வெளிச்சம்தான், அதை மடக்குவது வெளிச்சத்தைக் கேள்வி கேட்பது என்று இன்னொரு கட்சி. வாரம் முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குக் கத்திய கத்தலில் ஏரித் தவளைகள் ஊரைக் காலி செய்தன. கொண்டை உள்ள ஒரே ஆள் பட்டம்மா. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் முட்டை ஆறிப்போகும் என்று பறந்து போய்விட்டாள்.

பட்டம்மா பொந்தை விடவில்லை என்று மறுநாள் வழக்கு. ரங்கதுரை மூன்று வளையிலும் நுழைந்து நுழைந்து வெளியே வந்தான்.

"ஐயா, பொந்து தரேன்னு சம்மதிச்சா, அதனால சொல்வளை. அவ சம்மதத்தை நம்பி என் பழைய கூட்டை விட்டுட்டேன், நம்ப வெச்சுக் கழுத்தறுத்தா, அதனால கேடுவளை. பொந்து என்னுதாச்சேன்னு வாசல் கிளையில கிடந்த சருகையெல்லாம் பெருக்கினேன், அந்தச் சுத்தத்தை அவ ஓசியில அனுபவிக்கிறா, அதனால ஓசிவளை."

சட்டநாதர் வாலை ஓங்கி அடித்தார். "ஒரு வழக்கு, ஒரு வளை! மூணு வளையிலும் ஒரே வழக்கு ஓடினா என் பாட்டனார் எதுக்குப் பொறந்தார்?"

பிறகு அவர் யோசிக்க ஆரம்பித்தார். வெயில் ஏறியது. இது சொன்ன கடமையா, கெடுத்த கடமையா, ஓசிக் கடமையா? சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் அது சொல்லா, சொல் மாதிரியா? சொல் மாதிரி என்றால் சொல்வளைக்குள்ளேயே ஒரு கிளைவளை தோண்ட வேண்டுமா? அவர் கண்ணில் ஓர் ஆனந்தம் வந்துவிட்டது. பட்டம்மா இலுப்பை மரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டைகள் தனியாகக் கிடக்கின்றன.

"சட்டநாதா, நான் கொஞ்சம் போய் அடை உட்கார்ந்துவிட்டு வருகிறேன்" என்றாள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் திகைத்தார்கள். நீதிபதியைப் பெயர் சொல்லி! அதுவும் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு! பக்கத்தில் நின்ற அமீனா, அதாவது தீர்ப்பை நிறைவேற்றும் சேவகன், கோவிந்தப்பன் என்ற குரங்கு, "ஏய், கொண்டையை இறக்கு" என்று அதட்டினான்.

"யாருக்கும் இறக்குவதில்லை. உன்னிடம் எனக்குக் கோபமும் இல்லை" என்றாள் பட்டம்மா.

"அது இருக்கட்டும். அடைகாக்கப் போகணும்னா அந்த மனு எந்த வளை?" என்று சட்டநாதர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மனு தள்ளுபடி ஆனது.

கடைசியில் சாட்சியம். ரங்கதுரை தன் தலையில் அடித்து, தாய் மேல், தகப்பன் மேல், மாமியார் மேல், இன்னும் பிறக்காத பேரன் மேல் என்று சத்தியம் செய்து தள்ளினான். அவனுக்குச் சத்தியம் என்றால் சர்க்கரைப் பொங்கல். பட்டம்மாவின் முறை வந்தது.

"சத்தியம் பண்ணு" என்றார் சட்டநாதர்.

"மாட்டேன். நான் சம்மதிக்கவில்லை. இது உண்மை. உண்மைக்கு எதற்குச் சத்தியம்?"

"சத்தியம் பண்ணாத சாட்சியம் காத்து. காத்தை நான் கேட்க முடியாது. சரி, அன்னைக்கு அவன் கேட்டப்போ 'மாட்டேன்'னு சொன்னியா?"

"இல்லை."

"பாத்தியா, உண்மையை ஒத்துக்கிட்டா! வழக்கு சொல்வளையைச் சேர்ந்தது. பொந்து ரங்கதுரைக்கு. தீர்ந்தது."

பட்டம்மா புற்றின் அடிக்கே ஓடிவந்தாள். "குஞ்சு பொரித்துப் பறக்கும் வரைக்குமாவது விடு. அதற்கப்புறம் நானே போய்விடுகிறேன். உனக்கும் ஒரு தாய் இருந்திருப்பாளே" என்று கெஞ்சினாள். கெஞ்சினாலும் கொண்டை நிமிர்ந்தே இருந்தது, என்ன செய்ய, பழக்கம்.

சட்டநாதர் கல் இல்லை. அவருக்கும் கண் கலங்கியது. மூன்று வளைகளையும் ஒரு முறை குனிந்து பார்த்தார். "இரக்கத்துக்கு வளை இல்லைம்மா" என்று பெருமூச்சு விட்டார்.

அமீனா கோவிந்தப்பனும் ரங்கதுரையும் பொந்தை ஒப்படைக்கக் கிளம்பினார்கள். அதற்குள் பட்டம்மா முந்திக்கொண்டு பறந்து உள்ளே போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். தொட்டுப் பார்த்தாள், சூடு இன்னும் போகவில்லை. அணைத்துக்கொண்டு அழுதாள். வருகிறவன் வரட்டும், என்னை மிதித்துத்தானே முட்டையைத் தொட வேண்டும் என்று இருந்தாள்.

அடைகாக்கும் கொண்டலாத்தியின் பக்கத்தில் நீங்கள் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். சாதாரண நாளில் மணலில் புரண்டு குளித்துச் சுத்தமாக இருக்கும் பறவைதான். அடைகாக்கும் காலத்தில் அதன் வாலடியில் ஓர் எண்ணெய் ஊறும். வெளியில் காற்றோடு போய்விடும், மூடிய பொந்தில் நாளுக்கு நாள் ஏறும். அழுகிய மீனையும் பழைய சாணியையும் ஒரே பானையில் போட்டு மூடி வைத்துத் திறந்தால் எப்படியோ, அப்படி. புருஷன் உள்ளவளாவது நடுவில் போய்ப் புரண்டுவிட்டு வருவாள். பட்டம்மாவுக்குப் புழு பொறுக்கவே நேரமில்லை, இதில் குளியல் எங்கே?

கோவிந்தப்பன் பொந்துக்குள் தலையை விட்டான். விட்ட வேகத்தில் மல்லாந்து மூன்று கிளை கீழே விழுந்தான். அங்கே தொங்கியபடியே மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒப்படைச்சாச்சு! சட்டப்படி ஒப்படைச்சாச்சு!" என்று கத்திவிட்டுப் போனவன்தான், அந்த மரத்துப் பக்கம் திரும்பவே இல்லை. ரங்கதுரை வாசல் கிளையில் வந்து நின்றான். வாயில் இருந்த பேச்சு அப்படியே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அவன் பேசாமல் இருந்த முதல் தருணம் அதுதான்.

சரி, காத்திருக்கலாம் என்று பக்கத்து மரத்தில் உட்கார்ந்தான். காற்று திரும்பியது. மேல்கிளையில் குடியிருந்த பச்சைக்கிளிகள் இறக்கையால் மூக்கை மூடிக்கொண்டு நேராகக் கேடுவளைக்குப் போய் வழக்குப் போட்டன. சட்டநாதர் துள்ளிக் குதித்தார். எவ்வளவு சுத்தமான வழக்கு, வளைக்குள் வழுக்கிக்கொண்டு போகிறதே!

"நாற்றம் எங்கேருந்து வருது?"

"இலுப்பைமரப் பொந்துலேருந்துங்க."

"பொந்து யாருது?"

"நீங்கதானே ரங்கதுரைக்குக் குடுத்தீங்க."

"அப்போ நாற்றமும் ரங்கதுரையோடதுதான்" என்றார் சட்டநாதர். ரங்கதுரை குய்யோ முறையோ என்று அலறினான். நாறுவது அவள் என்றான். அவளை இறக்கித் தூர விடுங்கள் என்றான். இறக்குவது அமீனாவின் வேலை, அமீனா சொந்த ஊருக்குப் போய்விட்டான். நாற்றம் நிற்கும் வரை ரங்கதுரை குடும்பத்தோடு இலுப்பை மரத்தடியில் நின்று, போகிற வருகிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த வழியாகத்தான் எறும்புகள் போகும். ஒவ்வோர் எறும்பிடமும் கேட்க வேண்டும்.

அடுத்த கூட்ட நாள். நடுங்கிகள் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டம்மாவும் ஓட்டமாக வந்து உட்கார்ந்தாள். ஆமை தலையை ஓட்டுக்குள் முழுசாக இழுத்துக்கொண்டது. தவம் முற்றிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அப்போது ரங்கதுரை வந்தான். குரல் கம்மிப்போயிருந்தது.

"பட்டம்மாக்கா, புண்ணியமாப் போகும், அந்தப் பொந்தைத் திருப்பி வாங்கிக்கோ. வேணாம்னா சொல்லிடு. பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துப்பேன்."

எல்லாரும் பட்டம்மாவைப் பார்த்தார்கள். அவள் பேசாமல் இருந்தால் போதும், பொந்து அவளுடையது. ரங்கதுரை பறக்க இறக்கையை விரித்துவிட்டான். அந்த நேரம் பார்த்து பட்டம்மாவின் கொண்டை மெல்ல நடுங்கியது. கழுத்து நடுங்கியது. உடம்பே வெடவெடவென்று ஆடியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் முதன்முதலாக ஓர் உயிரை உசுப்புகிறது!

பட்டம்மா எழுந்தாள். "மாட்டேன்" என்றாள்.

"ஐயோ!"

"புழு" என்றாள் அடுத்ததாக.

"என்னது?"

"காலையும் மாலையும் பொந்து வாசலில் புழு கொண்டுவந்து வைக்க வேண்டும். நல்ல கொழுத்த புழு. நான் முட்டையை விட்டு அசைய மாட்டேன். குஞ்சுகள் பறந்த பிறகு, பொந்தை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன்."

ரங்கதுரை தலையில் அடித்துச் சத்தியம் செய்ய இறக்கையைத் தூக்கினான். "சத்தியமெல்லாம் வேண்டாம். கொண்டுவந்தால் போதும்" என்றாள் பட்டம்மா.

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "வெளிச்சம் பேரம் பேசுமா?" என்று இரைந்தது. 'மாட்டேன்' மட்டும் வெளிச்சத்தின் வார்த்தை, 'புழு' பட்டம்மாவின் சொந்தச் சரக்கு என்று ஒரு கட்சி எழுந்தது. இரண்டுமே வெளிச்சம்தான், ஆனால் 'கொழுத்த' என்பது அகம்பாவம் என்று இன்னொரு கட்சி எழுந்தது. வீரபாகு இரண்டு கட்சிக்கும் தலையாட்டினான். பட்டம்மா அதையெல்லாம் கேட்க நிற்கவில்லை, முட்டைகள் காத்திருந்தன.

அதற்கப்புறம் ரங்கதுரை ஒரு வேளை தவறாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து புழு வைத்தான். புருஷன் உயிரோடு இருந்தபோதுகூட அவள் அப்படிச் சாப்பிட்டதில்லை. முட்டைகள் எல்லாமே பொரிந்தன. குஞ்சுகள் தாயைவிட அதிகமாக நாறின. பட்டம்மா அவற்றை முகர்ந்து முகர்ந்து கொஞ்சினாள். ஒரு நாள் காலை எல்லாமாகச் சேர்ந்து பறந்து ஏரிக்கு அக்கரையில் ஒரு புது மரத்துக்குப் போய்விட்டன. போகிற வழியில் மணலில் இறங்கி நன்றாகப் புரண்டு குளித்தன.

ரங்கதுரை பின்னாலேயே பறந்து போய், "அக்கா, பொந்து?" என்று கேட்டான்.

"யோசித்தேன், வேண்டாம்" என்றாள் பட்டம்மா. சட்டப்படி அது இன்றைக்கும் அவனுடையதுதான், மழைக்காலத்தில் வாடை இன்னும் தூக்கலாக இருக்கிறதாம்.

நீதி: நியாயம் கிடைக்கும்வரை குளிக்காதே.